ஆஸ்கரும் மலாவி மீனும் ஏன் செட் ஆகாது? சேலம், நாமக்கல்லில் சிக்லிட் வளர்ப்போர் கவனத்துக்கு!

சம்பளம் வந்த கையோடு நாலடித் தொட்டி வாங்கி, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கலர் கலராகச் சிக்லிட் மீன்களை விட்டால் முதல் வாரம் வீடே களைகட்டும். இரண்டாவது வாரம் ஒரு மீனின் வால் கிழிந்திருக்கும். மாதக் கடைசியில் தொட்டியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ‘ரவுடி’ மட்டும்தான். “நமக்கு மீன் ராசி இல்லை” என்று தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். உண்மையில் தப்பு ராசியில் இல்லை, சேர்த்த கூட்டணியில்.

ஏன் இவ்வளவு சண்டை?

சிக்லிட் என்பது ஒரே மீன் அல்ல. ஆயிரத்துக்கும் அதிகமான இனங்கள் கொண்ட குடும்பம். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாம் இதில் அடக்கம். அவ்வளவு ஏன், மேட்டூர் அணையில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான்!

முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது இவற்றின் சுபாவம். அதற்காக இடம் பிடிக்கும், வருகிறவர்களை விரட்டும். ஏரியில் தோற்ற மீன் ஓடித் தப்பிக்கும். கண்ணாடித் தொட்டியில் எங்கே ஓடுவது?

யாரோடு யார்?

மலாவி: ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த எலெக்ட்ரிக் யெல்லோ போன்ற பாறை மீன்கள். ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண் என்ற கணக்கில், ஒளிய நிறைய கல் அடுக்கி வளர்க்கலாம். பாசி மேயும் இனங்களுக்குப் புரோட்டீன் தீனி அதிகமானால் வயிறு உப்பிச் செத்துப்போகும்.

தென் அமெரிக்கா: ஏஞ்சல், டிஸ்கஸ், ராம். நிதானமாகச் சாப்பிடுபவை. முரட்டு மலாவி மீன்களோடு விட்டால் பட்டினிதான்.

பெரிய வாய்க்காரர்கள்: ஆஸ்கர் ஒரு அடி வரை வளரும், வாய்க்குள் போகிற மீன் எல்லாம் அதற்குத் தீனி. 1990-களில் மலேசியாவில் உருவான கலப்பின ஃபிளவர்ஹார்னைத் தனியாக வைப்பதே நல்லது.

நம்ம ஊர் தண்ணி எதற்கு ஒத்துவரும்?

பாறை பூமியான சேலம், நாமக்கல்லில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. பக்கெட்டில் படியும் வெள்ளைப் படலமே சாட்சி. டிஸ்கஸுக்கு இது தலைவலி. மலாவி மீன்களுக்கோ சொந்த ஊர் மாதிரி. அந்த ஏரியின் பி.ஹெச். அளவு சுமார் 7.8 முதல் 8.6 வரை. காவிரிக் குடிநீர் வரும் வீடுகளில் கதை வேறு; அதில் உள்ள குளோரினை நீக்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது. எந்தத் தண்ணீர் என்றாலும் முதலில் டெஸ்ட் கிட்டில் பி.ஹெச்., கடினத்தன்மை இரண்டையும் பார்த்துவிட்டு மீனை முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.ஹெச். ஏற ஏற அதிக விஷமாகும். எனவே புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன் விட வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். கோடையில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால், கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கல் எடுப்பதிலும் கவனம் தேவை. சங்ககிரி பக்கம் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தண்ணீரின் கடினத்தன்மையை இன்னும் ஏற்றும். கல்லின் மேல் வினிகர் சொட்டுவிட்டுப் பாருங்கள். நுரைத்தால் ஏஞ்சல் தொட்டிக்கு அது வேண்டாம்.

புது மீன் விடும் நாளில் உள்ளே இருக்கும் கற்களை இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைகள் கலைந்து, எல்லா மீனும் புதிதாக இடம் தேடும். புது ஆள் மீது விழும் அடி குறையும்.

ஒத்துவரவில்லை என்றால்?

ஏரியிலோ காவிரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். மொசாம்பிக் திலாப்பியா என்கிற ஜிலேபி, 1952-ல் உணவுக்காக இந்தியாவுக்குள் வந்தது. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் படுவேகமாகப் பெருகியது. அதைப் பரப்பக் கூடாது என்று 1959-ல் தடை வந்தபோது, காலம் கடந்துவிட்டது. இன்று தமிழகத்தின் அணைகளிலும் குளங்களிலும் அது இல்லாத இடம் அரிது. நம் நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் அது பங்குபோடுகிறது.

சண்டைக்கார மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், வேறு வளர்ப்பாளரிடம் தரலாம். வாங்கும்போதே “ஒத்துவரலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களாண்ணா?” என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.