கை ஓடுகிறது, கண்தான் நிற்கிறது

2023 மார்ச் மாதம், கோலாலம்பூரில் ஒரு கியூப் போட்டி. அரையிறுதிச் சுற்றில் சீனாவிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுவன் யிஹெங் வாங் மேசைமுன் உட்கார்ந்தான். ஐந்து முறை கலைத்துக் கொடுத்தார்கள், ஐந்து முறையும் சேர்த்தான். 4.35, 3.90, 4.41, 5.31, 6.16 விநாடிகள். சராசரி 4.69. அன்றைக்கு அது உலகச் சாதனை.

ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 4.83 அல்லவா வருகிறது என்று கணக்கில் கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். உலக கியூப் சங்கத்தின் விதி வேறு. ஐந்தில் மிக வேகமானதையும் மிக மெதுவானதையும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள மூன்றைத்தான் சராசரி பார்ப்பார்கள். ஆக, அந்தப் பையனின் 3.90 சராசரியில் சேரவில்லை. சறுக்கிய 6.16-உம் சேரவில்லை. சாதனையைக் கொடுத்தது நடுவிலிருந்த மூன்றுதான்.

இதை என் அக்கா மகனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு பள்ளி விடுமுறை முழுக்கத் தேவைப்பட்டது. பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஆயர் ஈத்தாம் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், இவன் கையில் கியூப் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு முறை தப்பித் தவறி 38 விநாடியில் முடித்துவிட்டான். அதன் பிறகு 48, 50, 47 என்று வந்தால் முகம் தொங்கிவிடும். “எனக்குக் கை வேகம் பத்தல மாமா. நல்ல கியூப் வாங்கிக் குடுங்க, இல்லேன்னா நான் விட்டுர்றேன்” என்றான்.

கியூப் மேல் பழி போடுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. இரவுச் சந்தையில் வாங்கும் மலிவுக் கியூப் பாதித் திருப்பலில் சிக்கிக்கொள்ளும். காந்தம் வைத்த கியூப், பக்கம் சரியான இடத்துக்கு வந்ததும் தானாகப் பிடித்து நிற்கும். அப்படிப்பட்டவை ஐம்பது வெள்ளிக்குள்ளேயே கிடைக்கின்றன. அதற்கு மேல் செலவழிப்பது, நாற்பது விநாடிக்காரருக்கு வீண் என்பது என் கருத்து. ஆனால் இவனிடம் காந்தக் கியூப் ஏற்கெனவே இருந்தது.

கைத்தொலைபேசியில் அவனைப் படம் பிடித்தேன். இருவரும் உட்கார்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். 48 விநாடியில் விரல்கள் அசைந்தது ஏறக்குறையப் பாதி நேரம்தான். மீதி நேரம் கியூபை இப்படியும் அப்படியும் புரட்டி, அடுத்த துண்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். பையன் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு முறை ஓடவிடச் சொன்னான்.

வேகக்காரர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் முறையைச் சிஎஃப்ஓபி என்பார்கள். செக் நாட்டில் பிறந்த ஜெசிக்கா ஃப்ரிட்ரிச்சின் பெயராலும் அதை அழைப்பதுண்டு. 1982-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் கலந்துகொண்டவர் அவர். அந்தப் போட்டியில் மின் தாய் என்ற பதினாறு வயது இளைஞர் வென்ற நேரம் 22.95 விநாடி. இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் அடியில் ஒரு சிலுவை. பிறகு மூலைத் துண்டும் ஓரத் துண்டும் சேர்ந்த நான்கு ஜோடிகளை அதனதன் இடத்தில் இறக்கினால் கீழ் இரண்டு அடுக்கும் முடிந்தது. அடுத்து மேல் முகத்தை ஒரே நிறமாக்குவது, கடைசியாக மேல் அடுக்கை இடம் மாற்றிச் சரிசெய்வது. மொத்தம் சுமார் அறுபது திருப்பல்கள். விநாடிக்கு இரண்டு திருப்பல் என்பது சாவகாசமான வேகம்தான். ஆனாலும் நிற்காமல் போனால் முப்பது விநாடியில் முடிந்துவிடும். என் மருமகனின் விரல்களுக்கு அந்த வேகம் எப்போதோ வந்துவிட்டது. நிற்பதுதான் அவனை 48-இல் வைத்திருந்தது.

கடைசி இரண்டு கட்டங்களுக்கும் மொத்தம் 78 சூத்திரங்கள் உண்டு: மேல் முகத்துக்கு 57, இடமாற்றத்துக்கு 21. அத்தனையையும் ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்யக் கிளம்பும் பிள்ளைகள் பாதியில் சலித்துவிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு படியாகப் பிரித்தால் 16 சூத்திரங்கள் போதும். முப்பது விநாடிக்குக் கீழே போக அதற்கு மேல் தேவையில்லை.

உண்மையான நேரம் அந்த நான்கு ஜோடிகளில்தான் ஒளிந்திருக்கிறது. அங்கே பயிற்சி என்பது கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும்: மெதுவாகத் திருப்ப வேண்டும். நேரக் கருவியை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு ஜோடியைக் கை இறக்கும்போதே கண் அடுத்த ஜோடியைத் தேட வேண்டும். எங்கேயும் நிற்காமல் இருக்க எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டுமோ அவ்வளவு மெதுவாக. பழகிய ஜோடியைக் கை தானாக இறக்கிவிடும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் கண் அதை விட்டு நகர மறுக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெரியில் வரும் நேரம் இதற்கு வாகாக இருந்தது. கால்மணி நேரத்துக்குள் கரை வந்துவிடும், அதற்குள் நிதானமாக ஐந்தாறு முறை சேர்க்கலாம். பக்கத்து இருக்கைப் பாட்டி ஒருவர், “ஏன்யா இவ்ளோ மெதுவா சுத்துற, தெரியலையா?” என்று கேட்டுவிட்டார். பையனுக்கு மானமே போய்விட்டது.

இன்னொரு பயிற்சி சிலுவைக்கானது. போட்டியில் தொடங்குமுன் கியூபைப் பார்த்துக்கொள்ள 15 விநாடி தருவார்கள். எட்டாவது விநாடியிலும் பன்னிரண்டாவது விநாடியிலும் நடுவர் குரல் கொடுப்பார். எப்படிக் கலைத்தாலும் சிலுவையை அதிகபட்சம் எட்டுத் திருப்பலில் போட்டுவிட முடியும். ஆகவே முழுவதையும் மனத்தில் போட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு செய்து, திறந்து பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒன்றும் சரியாக வராது. வீட்டில் பயிற்சி செய்பவர்கள் 15 விநாடி என்று கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளலாம். சிலுவையை அடியில் வைத்தே போடப் பழகினால், பிறகு கியூபைப் புரட்டும் நேரம் மிச்சம்.

மெதுவாகப் பழகத் தொடங்கிய முதல் இரண்டு வாரம் அவன் நேரம் 48-லிருந்து 55-க்கு ஏறியது. அதுதான் பிள்ளைகள் கைவிடும் இடம். அக்காவோ நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு நேரம் குறிக்கத் தொடங்கினார். நான்தான் அதை வாங்கி உள்ளே வைத்தேன். பிள்ளைக்கு டியூஷன் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, நான்காவது எதற்கு? வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை மட்டும், ஐந்து முறை நேரம் பார்ப்பது. சங்கத்தின் விதிப்படியே கூடியதையும் குறைந்ததையும் அடித்துவிடுவது. இந்த ஏற்பாட்டில் 38 வந்த நாளும் 61 வந்த நாளும் ஒன்றாகிவிட்டன.

நான்காவது சனிக்கிழமை 41. ஏழாவது சனிக்கிழமை 34. முகம் தொங்குவது மட்டும் முழுதாக நிற்கவில்லை. மூன்றாம் முறை கெட்டுப்போனால் இன்னமும் கியூபை மேசையில் தட்டி வைக்கிறான்.

அடுத்து ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்க இருக்கிறோம். வயது வரம்பு கிடையாது, முதல்முறை வருபவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடைசித் திருப்பல் சரியாக நிற்காமல் 45 பாகைக்கு மேல் விலகியிருந்தால் இரண்டு விநாடி தண்டம் கூட்டுவார்கள். அவசரமாகக் கையை எடுக்கப் பழகியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். மற்றொன்று, மண்டபத்தில் குளிர்சாதனம் பலமாக இருக்கும். விரல் விறைத்துப்போனால் பழகியதெல்லாம் வராது. ஒரு குளிர்சட்டை எடுத்துக்கொண்டு போங்கள், முறை வரும்வரை கை பையிலேயே இருக்கட்டும்.