வைத்த லென்ஸ் கெட்டுப் போகுமா?

கண்ணுக்குள் வைத்த லென்ஸுக்கு ஆயுள் எவ்வளவு? வித்துராவில் உள்ள நம் பெரியவர்களும், மேலே போனக்காடு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்களும் கேட்கக்கூடிய கேள்விதான். கண்புரைக்கு (இங்கே திமிரம் என்பார்கள்) ஆப்பரேஷன் முடிந்து நாலைந்து வருஷம் பளிச்சென்று தெரியும். பிறகு மெல்லப் புகை படிந்தாற்போல் ஆகும். லென்ஸ் கெட்டுவிட்டது, இனி இவ்வளவுதான் என்று வீட்டோடு இருந்துவிடுபவர்கள் உண்டு. அப்படி இருக்கத் தேவையில்லை.

லென்ஸ் கெடுவது மிக அபூர்வம். நம் கண்ணின் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. ஆப்பரேஷனில் பைக்குள்ளிருக்கும் புரையை எடுத்துவிட்டு, அதே பையில் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். எவ்வளவு துடைத்தாலும் சில உயிரணுக்கள் தங்கிவிடும். அவை மாதங்கள் அல்லது வருஷங்கள் கழித்துப் பையின் பின்சுவரில் படர்ந்து மறைக்கும். இதற்கு யாக் லேசர் கதிரால் பின்சுவரின் நடுவில் சிறு துவாரம் இடுவார்கள். கத்தியில்லை, படுக்கையில்லை, சில நிமிஷ வேலை.

ஆனால் எல்லா மங்கலும் இதுவல்ல. சர்க்கரை நோய், கண் அழுத்தம், விழித்திரைத் தேய்மானம் ஆகியவையும் பார்வையைத் தின்னும். ஆகவே மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாக இந்த லென்ஸை வைத்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் பொறுத்துக்கொண்டதைக் கவனித்ததால் பிறந்த யோசனை அது. நம் நாட்டு ஏழைகளுக்கு வெகுகாலம் அது எட்டவில்லை. சோடா பாட்டில் அடிபோன்ற கண்ணாடிதான் கதி. அது உடைந்தால் ஆளே முடங்கினார். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியால், 1992-ல் ஆரோலேப் நிறுவனம் லென்ஸைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. தமிழ் மண் உலகுக்குத் தந்தவற்றுள் இதை நான் உயர்வாகவே வைப்பேன்.

இப்போது ‘மல்டிபோகல்’ என்ற சிறப்பு லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். சாதாரண லென்ஸ் பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைக்கப்படும். படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிபோகல் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதால், பலருக்குக் கண்ணாடியின் தேவை குறைகிறது. பங்கிட்டதற்கு விலையும் உண்டு: மங்கிய வெளிச்சத்தில் துலக்கம் குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதங்களில் பழகிவிடும், சிலருக்குப் பழகுவதேயில்லை. இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களும், விழித்திரை ஏற்கெனவே பழுதானவர்களும் யோசித்தே ஒப்புக்கொள்ள வேண்டும். விலை கூடினால் பார்வையும் கூடும் என்பது சரியல்ல.

மல்டிபோகல் வைத்தவர்களுக்குப் பின்சுவர் சிறிது மங்கினாலும் உறுத்தும். ஆயினும் லென்ஸே ஒத்துவரவில்லை, மாற்ற வேண்டும் என்ற எண்ணமிருந்தால், லேசருக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். துவாரம் போட்டபின் லென்ஸை மாற்றுவது கடினம்.

ஆப்பரேஷனுக்குப் பிறகோ லேசருக்குப் பிறகோ கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், திரை இறங்கினாற்போல் மறைத்தாலும் அன்றைக்கே நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுங்கள். லென்ஸின் விவரம் எழுதிய அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.