ஜப்பானியர் தரையிறங்கிய கடற்கரை எங்கே போச்சு?

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், கோத்தா பாருவுக்கு அருகே சபாக், பாடாங் கடற்கரைகளில் ஜப்பானியப் படை தரையிறங்கியது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

எதிர்த்து நின்றது யார்?

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் டோக்ரா படைப்பிரிவினர். அவர்களுக்கு அரணாக முள்கம்பி, கண்ணிவெடி, 'பில்பாக்ஸ்' இருந்தன. பில்பாக்ஸ் என்பது சுடுவதற்கு மட்டும் துவாரம் விட்ட கான்கிரீட் அறை. இரு தரப்பிலும் பலர் மாண்டனர்.

அதெல்லாம் இப்போ எங்கே?

சபாக்கில் அன்றைய கரையே இன்று கடலுக்குள் போய்விட்டது. அரண்களும் அதோடு போயின.

கான்கிரீட் கூடக் கரையுமா?

கரையாது. அடியில் இருக்கும் மணல்தான் போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, பெரிய அலைகள் மணலை அள்ளிச் செல்லும். சுவரில் மோதித் திரும்பும் அலை அடிப்பகுதியையும் தோண்டும். பில்பாக்ஸ் முதலில் சாயும், பிறகு புதையும்.

போனா என்ன?

போரைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் அந்த வீரர்கள் அலைக்கு எவ்வளவு அருகில் நின்றார்கள் என்பதை அந்த இடம்தான் காட்டும். கடலைத் தடுக்க முடியாவிட்டாலும், மிஞ்சியிருப்பதை அளந்து, படம்பிடித்துப் பதிவு செய்யலாம். அடுத்த பருவமழைக்கு முன்பே செய்வது நல்லது.