காப்பி வடிகலத்தின் வடிவும் காப்பியின் சுவையும்

ஒரே காப்பித்தூளை ஒரே நிறையாக எடுத்து, ஒரே வெந்நீரை வார்த்து, இரு வேறு வடிகலங்களில் வடித்துப் பார்ப்பவர் ஒரு வியப்பைக் காண்பர். ஒன்றினின்று இறங்கிய காப்பி தெளிவும் நறுமணமும் உடையதாயிருக்கும். மற்றொன்றினின்று இறங்கியது நாவிற் கசந்து நிற்கும். யாமும் ஒருமுறை அங்ஙனம் கசந்த காப்பியை அருந்தி, தூள் கெட்டதென்றெண்ணி, விற்றவரையும் நொந்துகொண்டு, எஞ்சியதைக் குப்பையிற் கொட்டினோம். அதே கடையில் அதே தூளை வாங்கிய நண்பரொருவர், தம் வடிகலத்தில் வடித்துத் தந்தபோதுதான் குற்றம் தூளினதன்று என்பது விளங்கிற்று. காப்பிச் செடி நட்டபின் முதற்பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பறிப்போர், உலர்த்துவோர், வறுப்போர் எனப் பலர் கை உழைத்து ஆக்கிய அப்பொருள், இறுதி மூன்று நிமிடங்களிற் பாழாகிவிடலாம். அம்மூன்று நிமிடங்களில் வடிகலம் யாது செய்கின்றது என்பதை அறிவது வீணன்று.

வறுத்தரைத்த காப்பித்தூள் முழுதும் நீரிற் கரைவதில்லை. நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கே கரையத்தக்கது. அதனையும் முற்றக் கரைத்தல் நன்றன்று. 1950-களில் அமெரிக்க நாட்டில் இப்பொருளை ஆராய்ந்த ஏர்னஸ்ட் லாக்ஹார்ட் என்னும் அறிஞர், தூளின் நிறையில் நூற்றுக்கு 18 முதல் 22 பங்கு வரை நீரோடு இறங்கின் சுவை செவ்விதாகும் என வரையறுத்தார். புளிப்புத் தரும் பொருள்கள் விரைவிற் கரைவன; கசப்பும் துவர்ப்பும் தருவன பிந்திக் கரைவன. ஆதலின் நீர் விரைந்தோடிவிடின் காப்பி புளித்து மெலியும். நெடிது தங்கின் கசக்கும். இனி, நீர் தூளின் ஒரு பகுதியை மிகுதியாய்க் கழுவி மற்றொரு பகுதியைத் தொடாதொழியின், புளிப்பும் கசப்பும் ஒரே கிண்ணத்தில் வந்து சேரும். எனவே, நீர் எத்துணை நேரம் தங்கிற்று, எங்கும் ஒருபடித்தாய்ச் சென்றதா என்னும் இரண்டுமே சுவைக்கு அடிப்படையாம். இவ்விரண்டும் வடிகலத்தின் வடிவைப் பெரிதும் சார்ந்தவை.

பிரெஞ்சு நாட்டு டீஜோன் நகரத்திற்குக் குடிநீர் வசதி செய்தளித்த ஹென்றி டார்சி என்னும் பொறியியலறிஞர், மணலடுக்கின் வழியே நீர் செல்லும் முறையை ஆராய்ந்து 1856-ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். மேல் நிற்கும் நீரின் அழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும். அடுக்கின் கனம் மிகுந்தால் ஓட்டம் குறையும். மணல் நுண்ணிதாயின் ஓட்டம் பின்னும் குறையும். மணல் இருந்த இடத்திற் காப்பித்தூளை வைத்துப் பார்ப்பின், வடிகலத்தின் இயல்பு பெரும்பாலும் விளங்கிவிடும்.

காகிதத்தில் வடிக்கும் முறையைப் பரப்பியவர் ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரிலிருந்த மெலிட்டா பென்ட்ஸ் என்னும் மாதரசியார். கிண்ணத்தின் அடியிற் கசண்டு தங்குவதை வெறுத்த அவர், பித்தளைக் கலமொன்றின் அடியில் ஆணியால் துளைகளிட்டு, தம் மகனது பள்ளிக் குறிப்பேட்டிலிருந்த மையொற்றுத்தாளை அதன்மேலிட்டு வடித்துப் பார்த்தார். 1908-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வமைப்புக்குப் பதிவுரிமையும் பெற்றார். அவ்வாண்டிலேயே 73 பெனிக் காசு முதலாக வைத்து வாணிகத்தையும் தொடங்கினார். தட்டையான அடியுடையதாயிருந்த அக்கலம், 1930-களிற் கீழே குறுகி வரும் வடிவை அடைந்தது. இக்காலத்து அவ்வகைக் கலங்கள் ஆப்புப்போற் சரிந்து, அடியிற் சிறு துளையொன்றோ இரண்டோ உடையனவாய் இருக்கின்றன. இங்கே ஓட்டத்தை அளந்து விடுவது அச்சிறு துளையே. நீரை ஒருமிக்க வார்ப்பினும் அது தேங்கி நின்று, துளை விடுமளவே இறங்கும். வார்ப்பவர் கை சற்றுத் தவறினும் கலம் அதனைப் பொறுத்துக்கொள்ளும்.

இதற்கு நேர் மாறான கொள்கையுடையது ஜப்பானியக் கூம்பு வடிகலம். 1921-இல் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கருவிகள் செய்யத் தொடங்கிய ஹாரியோ நிறுவனத்தார் ஆக்கிய 'வி 60' என்னும் கலம் இதற்குச் சான்று. அதன் பெயரிலுள்ள 60 என்பது கூம்பின் கோணத்தைக் குறிப்பது. அடியிலோ பெருந்துளை ஒன்று. அத்துளை நீரைத் தடுப்பதில்லை. தடுப்பவை தூளும் தாளுமே. ஆகவே அரைப்பின் நுண்மையும், நீர் வார்க்கும் வேகமுமே காலத்தை வகுக்கின்றன. கைத்திறமுடையார்க்கு இக்கலம் நுட்பமான சுவையைத் தரும். அஃதில்லார்க்கு இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாய்க் காட்டும்.

இக்கலத்தின் உட்புறத்திற் சுருளாக மேலேறும் வரிகள் அழகுக்காக அமைந்தவையல்ல. ரசாயன ஆய்வுக்கூடத்திற் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். நனைந்த வடிதாள் புனலின் சுவரோடு ஒட்டிக்கொண்டால் நீர் தாளின் நுனிவழியே மெல்ல இறங்கும். தாளைப் பல மடிப்பாக்கியிடின் மடிப்புகளின் இடைவெளிவழியே விரைந்திறங்கும். கலத்தின் வரிகள் செய்யும் பணியும் அதுவே. அவை தாளைச் சுவரினின்று விலக்கிக் காற்று வெளியேறவும் நீர் இறங்கவும் வழி செய்கின்றன. பீட்டர் ஷ்லும்போம் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர் 1941-இல் அமெரிக்காவில் ஆக்கிய 'கெமெக்ஸ்' என்னும் கண்ணாடிக் கலமோ, ஆய்வுக்கூடப் புனலும் குடுவையும் ஒன்றானாற் போன்றது. அதன் சுவர் வழவழப்பானது. காற்றுப்போக்குக்கு மூக்கின் பள்ளமொன்றே உண்டு. தாளும் மிகத் தடித்தது. ஆதலின் அதிற் காப்பி மெல்ல இறங்கும், மிகத் தெளிந்திருக்கும்.

வரிகளால் ஒரு தீங்கும் உண்டு. சுவரோரமாய் வார்த்த நீர் தூளைத் தொடாமலே வரிகளின்வழி நழுவி இறங்கிக் காப்பியை நீர்க்கச் செய்யும். மேலும், கூம்பின் நடுவில் தூள் ஆழமாகவும் ஓரத்தில் ஆழமின்றியும் இருத்தலால், நீர் நடுவில் நெடுவழியும் ஓரத்திற் குறுவழியும் செல்கின்றது. கூம்பிற் பெரும்பாலும் நடுவிலே வட்டமாய் வார்க்கச் சொல்வது இதுபற்றியே. 'கலிட்டா வேவ்' என்னும் மற்றொரு ஜப்பானியக் கலத்தில் அடி தட்டையானது. சிறு துளைகள் மூன்று. தாளோ அலைபோல் மடிந்தது. தூள் எங்கும் ஒரே கனமாய்ப் பரவியிருத்தலால், நீர் செல்லும் வழியும் ஏறக்குறைய எங்கும் ஒப்பாகின்றது.

நம் இல்லங்களிலுள்ள பித்தளை, எவர்சில்வர் பில்டர்களும் இவ்வினத்தனவே. ஆயின் அவற்றிற் காகிதமில்லை. நுண்டுளைத் தகடே வடிகட்டுகின்றது. குடைபோன்ற அழுத்துதட்டு தூளைக் கலையாமற் காக்கின்றது. காகிதம் காப்பியின் எண்ணெய்ப் பசையைப் பெரும்பாலும் தடுத்துக்கொள்ளும். தகடு அதனை மிகுதியாக விட்டுவிடும். பாலோடு கலத்தற்குரிய கெட்டியான டிகாக்ஷனுக்குத் தகடும், பாலின்றித் தெளிவாய் அருந்துதற்குக் காகிதமும் ஏற்றன. அவ்வெண்ணெயிலுள்ள காபெஸ்டால் என்னும் பொருள் குருதியிற் கொலஸ்டிராலை மிகுவிக்கும் என்பதும் ஆராய்ச்சியால் தெளிந்தது. ஆதலின் வடிகலத் தேர்வு நாவோடு மட்டும் முடிவதன்று.

கலம் ஆக்கப்பட்ட பொருளையும் கருதவேண்டும். தடித்த பீங்கான் நீரின் வெப்பத்தைத் தான் உண்டுவிடும். முன்னரே வெந்நீரால் அதனைச் சூடாக்காவிடின் காப்பி புளிக்கும். விலை குறைந்த பிளாஸ்டிக் கலமோ வெப்பத்தைச் சிறிதே கவர்வது. விலை மிகுந்ததே சிறந்தது என்னும் எண்ணம் இவ்விடத்திற் பொருந்தாது.

இவற்றால் நாம் அறிவது ஒன்று. வடிகலங்களுள் உயர்வு தாழ்வு என்பதைவிட, ஆட்சி எவரிடம் என்பதே வேறுபாடு. சிறுதுளைக் கலத்தில் ஆட்சி கலத்தினது. பெருந்துளைக் கூம்பில் ஆட்சி கையினது. காலைப்பொழுதிற் கடிகாரத்தை நோக்கி விரைபவர்க்கு முன்னது துணை. பொறுமையோடு பழகுவார்க்குப் பின்னது இன்பம். எக்கலமாயினும், 15 கிராம் தூளுக்கு 250 கிராம் வெந்நீர் எனக்கொண்டு, வடிந்து முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்க. மூன்று நிமிடத்திற்கு மிக முந்தி முடிந்து புளிப்பின், தூளை நுண்ணிதாய் அரைக்க. மிகப் பிந்தி முடிந்து கசப்பின், பரும்படியாய் அரைக்க. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இங்ஙனம் சோதித்த பின்னரும் சுவை திருந்தாதாயின், அப்போது தூளைக் குறைகூறலாம். யாம் குப்பையிற் கொட்டிய தூளுக்கு அந்நீதி கிடைத்திலது. நும் கைத்தூளுக்கேனும் அது கிடைப்பதாக.