கத்தாமல் கர்ஜிக்கும் கிட்டார்

மின்கிட்டாரை எதிலும் செருகாமல் சும்மா மீட்டிப் பாருங்கள். அடுத்த அறையில் தூங்குபவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். வீணைக்குக் குடம் இருக்கிறது. சாதாரண கிட்டாருக்கு வயிறு போல ஒரு கூடு இருக்கிறது. மின்கிட்டாரோ பெரும்பாலும் ஒரு கெட்டிப் பலகை. கம்பியின் அதிர்வை வாங்கிக் காற்றிடம் ஒப்படைக்க அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஊரையே அதிரவைக்கும் என்று பெயரெடுத்த வாத்தியம் உண்மையில் பிறவியிலேயே மெல்லிய குரல் கொண்டது.

அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது ஆம்ப்ளிஃபையர். இசைக்காரர்கள் செல்லமாக ஆம்ப் என்பார்கள். அடுக்குமாடியில் குடியிருக்கும் இளைஞர்கள் பலர், “வீட்டில் ஆம்பைத் திறக்க முடியாது, அப்புறம் எப்படி ரெக்கார்டிங் செய்வது?” என்று கிட்டாரை உறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. அவர்கள் தேடும் அந்த முரட்டுக் குரலுக்கும் சத்தத்தின் அளவுக்கும் இருக்கும் தொடர்பு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. அறிவியலும் அப்படித்தான் சொல்கிறது, இசை வரலாறும் அப்படித்தான் சொல்கிறது.

கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப்பிலிருந்து தொடங்கலாம். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி பருமனுள்ள செம்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. மேலே எஃகுக் கம்பி அசையும்போது காந்தப்புலம் கலைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே மின்தூண்டல்தான். அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்த ஜார்ஜ் போஷாம்ப் 1937-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிக்கப்பிலிருந்து கிளம்புவது ஒரு வோல்ட்டில் சிறு பங்கு. அந்த மின்சாரத்தில் அறையின் எதிரொலி இல்லை, காக்கை கரைவது இல்லை, சமையலறை மிக்ஸி இல்லை. அது இன்னும் காற்றைத் தொடவே இல்லை. அங்கிருந்து ஒலிப்பதிவு வரைக்கும் மின்சாரமாகவே போய்விடலாம். காற்று தேவைப்படுவது கடைசியில், நம் காதருகில் மட்டும்தான்.

பிறகு ஏன் இத்தனை ஆண்டுகளாக அந்த மின்சாரத்தை ஆம்பில் கொடுத்து, ஸ்பீக்கரில் அலறவிட்டு, அதன் முன்னால் மைக் வைத்துப் பிடித்தார்கள்? ஆம்ப் ஒலியைப் பெரிதாக்குவதோடு நிற்பதில்லை, அதன் குணத்தையே மாற்றிவிடுகிறது. பழைய வால்வு ரேடியோவில் பார்த்த அதே கண்ணாடிக் குழல்கள்தான் ஆம்பிலும் இருந்தன. இன்றும் பலவற்றில் இருக்கின்றன. ஒரு வால்வுக்கு அதன் சக்திக்கு மேல் வேலை கொடுத்தால், உள்ளே வரும் அலையின் உச்சியை அதனால் முழுதாகத் தூக்க முடியாது. உச்சி தட்டையாகிவிடும். கிட்டாரின் ஐந்தாம் கம்பி நொடிக்கு 110 முறை அதிர்கிறது என்றால், அலை தட்டையான அந்த நொடியே 330, 550, 770 என்று மேற்சுரங்கள் வலுத்து முளைக்கின்றன. மேலும் கீழும் சமமில்லாமல் தட்டையானால் 220, 440 என்று இரட்டைப்படை மேற்சுரங்களும் சேர்ந்துகொள்ளும். உரக்க மீட்டியதும் மெல்ல மீட்டியதும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிடுவதால், சுரம் சட்டென்று தேய்ந்து போகாமல் நீண்டு நிற்கிறது. டிஸ்டார்ஷன் என்று பெயர் பெற்றுவிட்ட இந்தக் குணம்தான் ராக் கிட்டாரின் குரல்.

நம் காதுக்கு இது அந்நியமான சமாசாரமே அல்ல. தம்புராவில் கம்பிகளைத் தாங்கும் குதிரைமேல், கம்பிக்கு அடியில் ஒரு பருத்தி நூலைச் செருகி, இம்மி இம்மியாக நகர்த்தி வைப்பார்கள். ஜீவா என்று அதற்குப் பெயர். நூல் சரியான இடத்துக்கு வந்ததும், வெறுமனே ‘டொய்ங்’ என்றிருந்த கம்பி ரீங்கரிக்கத் தொடங்கும். சத்தம் கூடவில்லை, மேற்சுரங்கள் கூடிவிட்டன. ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலியில் வராது என்பது யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த விதி பொய்க்கிறது, வளைந்த குதிரைதான் அதற்குக் காரணம் என்று 1921-ல் எழுதினார் சி.வி.ராமன். வால்வு செய்வதும் குதிரை செய்வதும் வெவ்வேறு வேலைகள்தான். ஆனால், கம்பியிடம் முன்பு கேட்காத மேற்சுரங்களை எழுப்பி ஒலிக்குச் செழிப்பு தருவதில் இரண்டும் ஒரே ஊர்.

தெருமுனையில் ஒருவர் ஆத்திரத்தில் கத்துகிறார். நம் ஜன்னலுக்கு வந்து சேரும்போது அது ஒரு முணுமுணுப்பு அளவுக்குத்தான் இருக்கிறது. இருந்தாலும், கத்துகிறார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. காரணம், கத்தும் குரலில் மேற்சுரங்கள் தூக்கலாக இருக்கும். மூளை அளவை மட்டும் பார்ப்பதில்லை, அலையின் வடிவத்தையும் படிக்கிறது. ரேடியோவை மிகக் குறைத்து வைத்தாலும் ராக் பாட்டு ஆவேசமாகவே கேட்பது இதனால்தான். ஆவேசம் அலையின் வடிவத்தில் இருக்கிறது. வடிவத்தை மட்டும் உண்டாக்கிவிட்டால் சத்தத்தை விட்டுவிடலாம்.

“அப்படியானால் சின்ன ஆம்ப் வாங்கிக்கொள்கிறேன்” என்று பலர் முதலில் போவது இந்த வழியில்தான். கணக்கு அங்கே கைகொடுப்பதில்லை. 100 வாட் ஆம்பை 10 வாட்டாகக் குறைத்தால் சத்தம் பத்தில் ஒரு பங்காகத் தோன்றாது; 10 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது ஏறக்குறைய பாதி. ஒரே ஒரு வாட்டுக்கு இறக்கினாலும் கால்வாசி சத்தம் மிச்சமிருக்கும். கிட்டார் ஸ்பீக்கர்கள் ஒரு வாட் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தொலைவில் 97 முதல் 100 டெசிபல் வரை கொடுக்கக்கூடியவை. நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வகுத்திருக்கும் வரம்பு 45 டெசிபல். கம்பளியும் மெத்தையும் அண்டக் கொடுத்து இந்த இடைவெளியைத் தாண்டிவிட முடியாது.

சின்ன ஆம்ப் ஸ்டுடியோவுக்குள் சாதித்தது வேறு கதை. 1970-ல் மயாமியில் கிட்டார் கலைஞர்கள் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் ‘லைலா’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியவற்றில் ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டி ஆம்ப் முக்கியமானது. ஐந்து வாட் சொச்சம் சக்தி, எட்டு அங்குல ஸ்பீக்கர். கேட்பவர் மனக்கண்ணில் மலை போன்ற ஆம்ப் தெரிகிறது. பதிவில் இருந்ததோ ஒரு கைப்பெட்டி அளவு.

அதற்கும் முன்பே ஆம்பை முற்றாகக் கழற்றி வைத்தவர்கள் உண்டு. டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டுடியோவில் 1960-களிலேயே கிட்டாரையும் பேஸையும் நேராக ஒலிப்பதிவு மேசையிலேயே செருகினார்கள். 1968 ஜூலையில் லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டைப் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு கரடுமுரடான கிட்டார் ஒலி அபூர்வம். அதுவும் மேசையில் நேராகச் செருகியதுதான். பொறியாளர் ஜெஃப் எமரிக், மைக்குக்கான முன்பெருக்கி ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் கொடுத்து, இரண்டையும் திணறடித்தார். அந்தக் கிட்டார்களுக்கு முன்னால் ஸ்பீக்கரும் இல்லை, மைக்கும் இல்லை. ஆனாலும் பாட்டின் முதல் நொடியே முகத்தில் அறைகிறது.

வீட்டிலிருந்தே பதிவு செய்ய நினைப்பவர்கள் அவசியம் அறிய வேண்டியவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், போலராய்டு நிறுவனத்தில் வேலை. மாசசூசெட்ஸில் தன் வீட்டு நிலவறையில் அவர் பதிவு செய்தவைதான் 1976-ல் வெளிவந்த ‘பாஸ்டன்’ ஆல்பத்தின் பெரும்பகுதி. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆம்பின் சக்தியில் பெரும்பங்கை மின்தடைகளில் வெப்பமாகக் கரைக்கும் ‘பவர் சோக்’ என்ற கருவியை அவர் பிறகு விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1982-ல் வந்தது ‘ராக்மேன்’. இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்கும் கையடக்கப் பெட்டி. டெஃப் லெப்பர்ட் குழுவின் ‘ஹிஸ்டீரியா’ (1987) ஆல்பத்தின் பிரம்மாண்டமான கிட்டார் ஒலி அந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

டிஸ்டார்ஷனை நேராகப் பதிவு செய்து கேட்டவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். தகரக் குவளைக்குள் குளவி மாட்டிக்கொண்டதுபோல இரையும். ஆம்ப் சரியாகத்தான் இருக்கும், ஸ்பீக்கர்தான் இல்லை. கிட்டாருக்கான பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கனத்த காகிதக் கூம்பு. நொடிக்கு 5,000 அதிர்வுக்கு மேல் அதனால் ஈடுகொடுக்க முடியாது. அந்த இயலாமையே வரம். குளவி இரைச்சலை வடிகட்டிவிட்டு, மரப்பெட்டியின் உடல்வாகை அதுதான் சேர்க்கிறது.

அந்த வடிகட்டியைக் கணினிக்குள் கொண்டுவந்த விதம் அழகானது. கல்மண்டபத்தில் ஒரு முறை கைதட்டினால், திரும்பி வரும் எதிரொலியில் அந்த மண்டபத்தின் குணம் முழுக்க அடங்கியிருக்கும். அந்த ஒரு தட்டலின் பதிவு கையில் இருந்தால், எந்தக் குரலையும் அதோடு கணிதப்படி கலந்து, மண்டபத்திலேயே பாடியதுபோல ஆக்கிவிடலாம். ஸ்பீக்கருக்கும் இதையே செய்கிறார்கள். நல்ல ஸ்பீக்கருக்கு முன் மைக் வைத்து, சோதனை ஒலி ஒன்றைக் கொடுத்து, அதன் பதிலை ஒரு சிறு கோப்பாக எடுத்துவைக்கிறார்கள். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பது அந்தக் கோப்பின் பெயர். யாரோ ஒருவர் ஒரே ஒரு முறை சத்தமாகப் பதிவு செய்துவிட்டார். அவருக்குப் பின் வரும் யாரும் சத்தம் போட வேண்டியதில்லை.

ஆம்புக்கு இந்தத் தந்திரம் போதாது. மெல்ல மீட்டினால் ஒரு குணம், ஓங்கி மீட்டினால் வேறு குணம். ஒரு கைதட்டலில் அதைப் பிடிக்க முடியாது. 1998-ல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற ‘பாட்’ கருவி, ஆம்பின் நடத்தையைக் கணக்கால் போலி செய்து பலரையும் கவர்ந்தது. 2019 வாக்கில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேச்சொலிக்காக உருவான நரம்பு வலையமைப்பு ஒன்றை வால்வு ஆம்புகளுக்குப் பயிற்றுவித்துக் காட்டினார்கள். இன்று ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான ஆம்புக்குள் சில நிமிடச் சோதனை ஒலியைச் செலுத்தி, போனதையும் வந்ததையும் ஒப்பிட்டு அது கற்றுக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பதிவில் எது ஆம்ப், எது மென்பொருள் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.

வீட்டில் இதைச் செய்ய, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினி, நல்ல ஹெட்ஃபோன் போதும். கேபிளைச் செருகும்போது கவனம் வேண்டும். பிக்கப் பலவீனமான மூலம். பத்தாயிரம் ஓம் மின்தடையுள்ள சாதாரண வாயில் செருகினால் மேல்சுரங்கள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல ஆகிவிடும். நான் மாதக்கணக்கில் அப்படித்தான் பதிவு செய்துவிட்டு, கிட்டார்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். இன்டர்ஃபேஸில் கிட்டார் படமோ ‘இன்ஸ்ட்’ என்ற குறியோ இருக்கும் பொத்தானை அழுத்தினால், மின்தடை பத்து லட்சம் ஓம் அளவுக்கு உயர்ந்து குரல் திறந்துகொள்ளும். 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ‘ம்ம்ம்’ என்று கேட்டால், கணினித் திரையைவிட்டு விலகி உட்கார்ந்து, கிட்டாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் வெகுவாக அடங்கும்.

மீட்டியதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம் பலரைக் கலங்கடிக்கிறது. ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகும். பத்து மில்லிநொடித் தாமதம் என்பது ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். அதற்குள் அடக்கிவிட்டால் விரல்கள் பழகிவிடும்.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அலை திரும்பிவந்து கம்பியை உலுக்க, கம்பி மறுபடி ஸ்பீக்கரை உலுக்க, முடிவில்லாமல் வளரும் அந்த ஃபீட்பேக் ஹெட்ஃபோனில் பிறக்காது. 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததைப் போன்ற ஒன்று உங்கள் பாட்டுக்கு வேண்டுமென்றால், ஒரு ஒத்திகை அறையை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதுதான் நேர்மையான வழி. மற்றபடி, பிக்கப்பின் சுத்தமான ஒலியைத் தனியே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆம்ப் என்பதை நாளை முடிவு செய்யலாம், பத்து வருடம் கழித்தும் மாற்றலாம். சத்தமாகப் பதிவு செய்பவர்களில் பலருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை.

அக்கம்பக்கத்துக்கு அமைதி என்பதால் நம் காதுக்கும் அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், உலகின் மிக உரத்த மேடைகளில் நின்றவர். தன் செவித்திறன் குறைந்ததற்கு அவர் குற்றம் சொன்னது ஸ்டுடியோ ஹெட்ஃபோனை. குறைந்த ஒலியில் கீழ்ச்சுரங்கள் காதுக்கு மெலிந்து கேட்கும் என்று ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கிட்டார் சோனியாகத் தோன்றும்போது கை தானாகவே ஒலியை ஏற்றப் போவது அதனால்தான். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம் மட்டுமே. ஹெட்ஃபோனை மாட்டும் முன் ஒலியளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மாட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.