கால் நகம் ஏன் சதைக்குள் இறங்குகிறது?

தைப்பூசப் பாதயாத்திரையில் திண்டுக்கல்லைத் தாண்டினால் பழநிக்கு இன்னும் சுமார் 60 கிலோமீட்டர். கட்டைவிரல் ஓரம் சிவந்து வீங்கியிருந்தால் அந்தத் தூரம் பெரும் வேதனை.

இதை நகச்சுற்று என்று எண்ணி எலுமிச்சம்பழத்தைச் செருகுவோர் உண்டு. செருகிப் பயனில்லை. குற்றவாளி பெரும்பாலும் நகவெட்டிதான். நகத்தின் மூலையை வளைத்து ஆழமாக வெட்டும்போது, ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கூர்முனை ஒன்று மிஞ்சிவிடுகிறது. நகம் முன்னோக்கி வளர வளர, அது முள்ளைப் போலத் தோலுக்குள் இறங்குகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதிப் போராடுகிறது: வீக்கம், சீழ், தொட்டால் ரத்தம் கசியும் சிவந்த சதை. இறுக்கமான ஷூவும் வியர்வையில் ஊறிய தோலும் இதைத் தூண்டும். பிள்ளைகளின் பள்ளி ஷூ சிறிதாகிவிட்டதா என்று அவசியம் பாருங்கள்.

தொடக்கநிலை என்றால் வெதுவெதுப்பான நீரில் தினமும் பாதத்தை ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, விரல்களுக்கு இடம் தரும் செருப்பை அணிந்தாலே பலருக்குச் சரியாகும். சீழ் பிடித்தபின் மாத்திரை மட்டும் போதாது; குத்தும் முனை உள்ளேயே இருக்கிறதே! மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தின் அந்த ஓரத்தை மட்டும் நீக்குவார். அடிக்கடி திரும்பி வந்தால், அந்த ஓரத்தின் வேரில் ஃபீனால் தடவி மறுபடி முளைக்காமல் செய்வார். அன்றே வீடு திரும்பலாம்.

இனி நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டு வைத்தியத்தில் ஒரு நாளும் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.