பழைய கணினிக்குப் புதிய புரோசசர்: முதலில் பயோஸ், பிறகுதான் ஸ்குரூடிரைவர்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், எங்கள் வீட்டு மேசைக் கணினிக்குத் தகுதியில்லை என்ற பதில் வந்தது. காரணம், அதிலிருந்த ரைசன் 5 1600 புரோசசர். 2017-இல் வெளிவந்த அந்த முதல் தலைமுறை ரைசன், மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. தங்கை அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள், என் அசைன்மெண்டுகளும் அதே கணினியில்தான். புதிதாக வாங்க அப்பாவிடம் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நல்லவேளையாக, எங்கள் மதர்போர்டு ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் கொண்டது. 2022-இல் வந்த ரைசன் 5 5600-உம் அதே சாக்கெட்டில்தான் உட்காரும். இரண்டிலும் 6 கோர்கள், 12 திரெட்கள். மின்தேவையும் ஒரே 65 வாட். ஆகவே பவர் சப்ளையையோ கூலரையோ மாற்ற வேண்டியதில்லை. லோ யாட் பிளாசாவில் விலை விசாரித்துவிட்டு, கடைசியில் பல்கலைக்கழக சீனியர் ஒருவரிடமே 300 ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.

புரோசசர் கைக்கு வந்ததும் கணினியைத் திறக்கத்தான் யாருக்கும் கை துடிக்கும். ஆனால் புதிய புரோசசரை அடையாளம் காண மதர்போர்டுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடம் பயோஸ் என்ற சிறிய மென்பொருளில் இருக்கிறது. பழைய புரோசசர் உள்ளே இருக்கும்போதே அதைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றி மாற்றிய பிறகு நினைவுக்கு வந்தால், திரையில் எதுவும் தெரியாது.

எங்களுடையது பழைய பி350 வகை போர்டு. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் நம் போர்டின் சரியான பெயரைத் தேடி, புரோசசர் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து என்பதும் அங்கேயே இருக்கும். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றியாக வேண்டும். பதிப்புக் குறிப்பை வரி விடாமல் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் முழு வேலையின் உயிர்நாடி அதுதான்.

பயோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப் போகலாம். மாலையானால் இடி மின்னல் நம் ஊரில் வாடிக்கை என்பதால், சனிக்கிழமை காலை 9 மணிக்கே பென்டிரைவைச் செருகினேன். சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் அம்மா அரிசிக் குக்கரைப் போடக்கூட நான் விடவில்லை.

அடுத்தது கழற்றும் வேலை. ஏ.எம்.4 புரோசசரின் அடியில் 1,331 மெல்லிய ஊசிகள் உண்டு. வெப்பப் பசை காய்ந்திருந்தால், கூலரை இழுக்கும்போது புரோசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், ஊசிகள் வளையும். அதனால் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுத்தேன். புதியதை வைப்பது சுலபம். மூலையிலுள்ள தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால், அழுத்தாமலே தானாக இறங்கும். புதிய பசை ஒரு பட்டாணி அளவு போதும்.

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. முதல் முறை ரேம்களைச் சோதித்துப் பழகப் போர்டு கூடுதல் நேரம் எடுக்கும். அணைத்துவிடாமல் காத்திருங்கள். பிறகு, புரோசசர் மாறியதால் எஃப்.டி.பி.எம்.-ஐ அழித்துப் புதிதாகத் தொடங்கலாமா என்று ஒரு செய்தி வந்தது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் உங்கள் கோப்புகளைத் திறக்க முடியாது. எங்கள் கணினியில் பிட்லாக்கர் இல்லை என்று முந்தின நாளே பார்த்துவைத்திருந்தேன். துணிந்து 'ஒய்' எழுத்தை அழுத்தினேன்.

பயோஸ் புதுப்பிப்பு பழைய அமைப்புகளையும் அழித்திருந்தது. ரேம் 2133 வேகத்துக்கு இறங்கியிருந்தது; எக்ஸ்.எம்.பி.யை மீண்டும் இயக்கினேன். செக்யூர் பூட்டையும் போட்டதும், விண்டோஸ் 11-க்கான தகுதிச் சோதனையில் பச்சைக் குறி விழுந்தது. திருகு வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் வீட்டு வைஃபையில் விண்டோஸ் இறங்கி முடியத்தான் மதியம் தாண்டிவிட்டது.